என் மனைவி என் மூளையை வளர்த்த மாதம்

என் மனைவி குரங்குகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறவள். இதை வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால், "ஆராய்ச்சி நிலையத்துல இருக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அணிலைவிடக் கொஞ்சம் பெரிய குரங்குகள். காதோரம் வெள்ளை மயிர் சிலிர்த்துக்கொண்டு, சற்று முன்னால்தான் யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு முகம். கூண்டுக்குள் எங்கே கயிறு கட்டுவது, எந்தக் கிளையை எந்தப் பக்கம் சாய்ப்பது, தீனியை எந்தப் பொந்தில் ஒளித்துவைப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கட்டி முடித்ததும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவை என்ன செய்கின்றன என்று சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்கள் கவுண்டரில் வேலை. குடைக்கு ஓர் அலமாரி, ஒற்றைச் செருப்புக்கு ஓர் அலமாரி, பல் செட்டுக்கு ஒரு டிராயர், மூக்குக்கண்ணாடிக்கு ஒரு டிராயர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கை இல்லாதவர்கள்தான் என் கவுண்டருக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

அவளுக்கு வேறு ஊரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அங்கே புதிதாக ஒரு பெரிய நிலையம், கூண்டுப் பிரிவுக்கே தலைவி பதவி, அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேர வேண்டும். அவள் சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வரமாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

"நீ தலைகீழா நின்னாலும் நான் இந்த வீட்ட விட்டு நகரமாட்டேன். சொல்லிட்டேன்."

"நீங்க வந்தாலும் போவேன். வராட்டியும் போவேன். நானும் சொல்லிட்டேன்."

உண்மையைச் சொன்னால், அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் சொன்னால் தோற்றுப்போனவன் ஆகிவிடுவேன். அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து என் அம்மா, "ரெண்டு பேரும் கதவ சாத்திட்டுக் கத்துங்க" என்று குரல் கொடுத்தாள். அம்மாவும் என் தம்பியும் எங்களோடுதான் இருக்கிறார்கள். தம்பி மெத்தைக் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளருக்கு மெத்தையில் படுத்துக் காட்டுவது அவன் வேலை, அதை வீட்டிலும் தொடர்கிறவன்.

அன்று சாப்பிடும்போது அவள் குரங்குப் பேச்சை எடுத்தாள்.

"வளந்த குரங்குக்கு மூளை அவ்ளோதான், குட்டியில என்ன ஆச்சோ அதோட முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சிட்டிருந்தாங்க. நாங்க வெறும் கூண்டுல இருந்ததுங்கள எடுத்து, கயிறு, கிளை, பொந்து எல்லாம் இருக்கற பெரிய கூண்டுல விட்டோம். ஒரே மாசம். நரம்புங்க புதுசு புதுசா கிளை விட்டிருக்கு. நல்லா வளந்த குரங்குங்க, தெரியுமா?"

"அதுக்கு இப்ப என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். என் நாற்காலியைப் பார்த்தாள். அதற்கு நேர் எதிரே இருக்கிற டிவியை, கைக்கு எட்டுகிற ரிமோட்டை, மறு கைக்கு எட்டுகிற தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். கூண்டுக்கு அளவெடுக்கிற பார்வை அது. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை எழுந்து பல் துலக்கப் போனால் பிரஷ்ஷைக் காணவில்லை. கூரையிலிருந்து தொங்கிய ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் அது இருந்தது. குழாயைக் கவிழ்க்க ஒரு கயிற்றை இழுக்க வேண்டும், கயிறு கதவுக்குப் பின்னால் இருந்தது. துண்டு அலமாரியின் உச்சியில். என் நாற்காலி சுவரில், ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. சமையலறைக்குப் போனால், என் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. அதில் வரிசையாகத் துளைகள். துளைக்குள் எட்டிப் பார்த்தால் ரொட்டித் துண்டும் அவித்த முட்டையும் தெரிந்தன.

"ஸ்பூன் எங்க?"

"குச்சி இருக்கு பாருங்க."

"நான் என்ன குரங்கா?"

"அதுங்களும் மொத நாள் சாப்பிடாது. பரவாயில்ல, பசிச்சா தானா வரும்" என்றாள், கவலையே இல்லாமல்.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது வாசற்கதவுக்கு உள்ளே அலமாரியை நகர்த்தி வழியை அடைத்திருந்தாள், பக்கவாட்டில் ஒரு ஏணி நின்றது. ஏறி இறங்கித்தான் வீட்டுக்குள் போக முடிந்தது. கூடம் முழுக்கக் கயிறுகள். நாலு சுவருக்கும் நடுவில் எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு காய்ந்த மரக்கிளை. நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் மாடிப்படிவரை வந்துவிட்டு, எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் குச்சியால் முட்டையைக் குத்தி எடுத்துத் தின்றேன். பசிக்கு ரோஷம் தெரியாது. தின்றபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இதற்கிடையில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"ஏம்மா, நானும் பாத்துட்டே இருக்கேன். எல்லாம் பெரியவனுக்குத்தானா? கயிறு என்ன, கிளை என்ன, ஏணி என்ன. சின்னவன் என்ன பாவம் பண்ணான்? அவனுக்கு மூளை வளர வேண்டாமா?"

"அத்தை, ஒரு பக்கம் மாத்தினா இன்னொரு பக்கத்த மாத்தாம வெச்சிருக்கணும். அப்பத்தான் எதனால எது ஆச்சுன்னு தெரியும். தம்பிதான் கன்ட்ரோல்."

"அப்படின்னா?"

"அவர் மாறாம இருக்கணும்."

"என் புள்ள மாத்திரம் மாறாமயே இருக்கணுமா?" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

தம்பிக்கோ ஏக சந்தோஷம். "எனக்கு ஒண்ணுமே செய்ய வேண்டாமா அண்ணி? இதுக்குத்தான் நான் பொறந்தேன்" என்றான். அவன் அறையைக் காலி செய்தார்கள். ஒரு கட்டில், ஒரு தட்டு, சுவரில் தலைகீழாகப் பொருத்திய ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். கடையிலிருந்து வந்ததும் அங்கேதான் இருக்க வேண்டும், செல்போன் கூடாது. முதல் சில நாள் அவன் குறட்டை கேட்டது. அப்புறம் பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தால் கூரையில் ஈரம் பட்டுக் கறுத்திருந்த இடத்தோடு பேசிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. அவன் தட்டுக்கு அடியில் ஒரு பந்தை வைத்தாள். அப்புறம் ஒரு சின்ன மணி. அப்புறம் சோற்றுக்குள் புதைத்து ஒரு கைக்கண்ணாடி. என் மனைவி கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அத்தை, கன்ட்ரோலே கெட்டுப்போச்சு!"

"என் புள்ள கெட்டுப்போறதுக்கு அது கெட்டுப்போகட்டும்" என்றாள் அம்மா.

இதையெல்லாம் நான் அலமாரி மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம், அதற்குள் அங்கே உட்காரப் பழகிவிட்டேன். துண்டை எடுக்க ஏறியவன், காற்று நன்றாக வருகிறதே என்று இருந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் வீடு வேறு மாதிரி இருக்கிறது. மின்விசிறியின் மேல்பக்கம் அத்தனை தூசி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கிளையிலிருந்து கயிற்றுக்குத் தாவ முடியாது, அந்த வயது எனக்கில்லை. ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இடுப்பு வலி குறைகிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் பிரஷ்ஷை எங்கே வைத்திருப்பாள் என்ற நினைப்போடு கண் விழிக்கத் தொடங்கினேன். ஒருநாள் அது பேசாமல் வாஷ்பேசின் மேலேயே இருந்தது. ஒரு மணி நேரம் தேடினேன், அங்கே மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சமையலறையிலிருந்து சிரித்தாள்.

ஆனால் வாய் மட்டும் மாறவில்லை. "என்ன முடிவு பண்ணீங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "நான் வரல, வரல, வரல" என்றுதான் சொன்னேன்.

"சரி. அப்போ நான் மட்டும் கிளம்பறேன்" என்று அவளும் விடாமல் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நிலையத்தின் இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவள் போகப்போகிறாளே என்று மரியாதைக்கு வந்ததாகச் சொன்னார். கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கி உள்ளே வந்தவர், அலமாரி மேல் இருந்த என்னைப் பார்த்துக் கும்பிட்டார். டீ கொடுத்தார்கள். பிஸ்கட் கட்டைக்குள் இருந்தது. அவர் குச்சியை வைத்துக்கொண்டு திணறினார், பிஸ்கட் உடைந்து தூளானது. பார்க்கப் பாவமாக இருந்ததால் இறங்கி வந்து எடுத்துக் கொடுத்தேன்.

"பிரமாதம் சார்" என்று என் கையைப் பார்த்தார். அப்புறம் என் நெற்றியைப் பார்த்தார். "எவ்ளோ கிளை விட்டிருக்கும்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"குரங்குன்னா..." என்று இழுத்தார்.

"குரங்குன்னா?"

"வெளிய எடுத்து, மெல்லிசா சீவி, கண்ணாடி மேல வெச்சுப் பாப்போம். வேற வழி கிடையாது சார்."

என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வருடத்தில் சில நாள்கள் அவள் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள், தலைவலி என்பாள். அந்த நாள்கள் எவை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டிக் கொடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். கையில் கரண்டி இருந்தது. "என் புள்ள தலையில கை வெச்சீங்கன்னா, வெச்ச கை இருக்காது" என்றாள். இயக்குநர், "ஐயோ, சும்மா ஒரு ஆர்வம்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினார். போகிறபோதும் ஒருமுறை திரும்பி என் தலையை ஏக்கமாகப் பார்த்தார்.

வேலையிலும் சில மாற்றங்கள் செய்தேன். எனக்கென்னவோ அலமாரிகளின் வரிசை சலித்துப்போனது. குடைகளைத் தொப்பிகளுக்குள் செருகினேன். பல் செட்டுகளை மேலே தொங்கும் பைகளில் போட்டேன். ஒரு அம்மாள் குடையைத் தேடி வந்தார். "உள்ளதான் இருக்கு, வாங்க, நீங்களே தேடுங்க" என்று கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டேன். முதலில் திட்டினார். அப்புறம் செருப்புக் குவியலைக் கிளறினார். ஏணியில் ஏறினார். கடைசியில் ஒரு கித்தார் உறைக்குள்ளிருந்து குடையை இழுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மறுநாள் எதையும் தொலைக்காமலே வந்து, "ஏதாவது தேடட்டுமா?" என்று கேட்டார். அந்த வாரம் முடிவதற்குள் வாசலில் வரிசை நின்றது. மேலாளர் வந்தார்.

"இது ஆபீஸா, விளையாட்டு மைதானமா?"

"தேடறவங்க சந்தோஷமா போறாங்க சார்."

"தொலைச்சவங்க வந்தா சரி. தொலைக்காதவங்க எதுக்கு வராங்க? நீங்க முன்ன மாதிரி இல்ல."

அவர் திட்டித்தான் சொன்னார். எனக்கு அது இனித்தது.

அன்று சாயங்காலம் வழக்கமான பேருந்தில் ஏறாமல், எதிர்ப்பக்கம் நின்ற பேருந்தில் ஏறினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். பெயர் தெரியாத தெரு. ஒரு முடிதிருத்துகிறவர் நாற்காலியை வாசலில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு மாடியில் யாரோ பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள், ஒரே இடத்தில் தப்பாகப் பாடி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். எங்கே டீ கிடைக்கும், எந்தப் பக்கம் திரும்பினால் என்ன வரும், ஒன்றும் தெரியவில்லை. பயப்பட வேண்டியவன் நான். எனக்குப் பயம் வரவில்லை, பசிதான் வந்தது. இப்படி ஒரு ஊரே தெரியாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பிடித்திருந்தது. மறுநாள் மேலாளரிடம் வேலையை விடுவதாகச் சொன்னேன். அவர் என்னைத் தடுக்க ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, உடனே டீ வரவழைத்தார்.

வீட்டுக்கு வந்து, அலமாரிமேல் ஏறாமல், தரையில் நின்றுகொண்டு அவளிடம் சொன்னேன்.

"நான் வரேன்."

"எங்க?"

"உன்னோடதான். புது ஊருக்கு. வேலைய விட்டாச்சு."

துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஜெயித்த கையோடு என்னைக் கொஞ்சம் சீண்டுவாள், நானும் கோபப்படுகிற மாதிரி நடிக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "நிஜமாவா?" என்றாள். "நிஜமா." "அவசரப்பட்டுட்டீங்களோ?" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அதற்கப்புறம் அவள் பேச்சே மாறிப்போனது. அங்கே தண்ணீர் சரியில்லையாம். வெயில் அதிகமாம். உங்களுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? அத்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். அம்மாவேகூட, "போய்த் தொலைங்கடா, சின்னவனுக்கு அந்தக் கயிறெல்லாம் வேணும்" என்று சொல்லிவிட்டாள். கூடத்துக் கயிறுகளில் பாதியை என் மனைவி அவிழ்த்துச் சுருட்டினாள். என் பிரஷ் வாஷ்பேசின் மேலேயே இருக்கத் தொடங்கியது. பிரிகிற வருத்தம் போலிருக்கிறது என்று நான்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்புகிற நாள் வந்தது. புது நிலையத்திலிருந்து வண்டி அனுப்பியிருந்தார்கள். கீழே நின்று ஹாரன் அடித்தது. தம்பி பெட்டிகளை ஏற்றி இறக்கிக் கொடுத்துவிட்டு, என் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவளை மட்டும் காணவில்லை.

சமையலறையில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடத்தில், தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடுகிற இடம் அதுதான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பாத்திரத்தில் மிஞ்சியதை அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

"என்ன ஆச்சு? வண்டி வந்தாச்சு."

"எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கா?"

"நான் போகல."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க வரமாட்டீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். "அந்த தைரியத்துலதான் அவங்ககிட்ட சரின்னு சொன்னேன். கடைசியில, வீட்டுக்காரர் வரல, அதனால நானும் வர முடியலன்னு சொல்லிட்டு, ஆயுசுக்கும் உங்களத் திட்டிட்டு இங்கயே இருந்துடலாம்னு நெனச்சேன். நீங்க வரேன்னு சொல்லுவீங்கன்னு கனவுலகூட நெனக்கல."

"வராட்டியும் போவேன் போவேன்னு குதிச்சியே?"

"அது சும்மா."

"அப்போ கயிறு? பொந்து? ஒரு மாசமா என்னைக் குச்சியில சாப்பிட வெச்சியே?"

"எல்லாம் செஞ்சு பாத்தேன், அவர் அசையலன்னு சொல்லணும்ல. அதுவுமில்லாம குரங்குக்குத்தான் கிளை விடும், உங்களுக்கு எங்க விடப்போகுதுன்னு..." என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொட்டியைப் பெயர்த்திருப்பேன். வேலை போயிற்று. கவுண்டரில் இந்நேரம் வேறு எவனோ உட்கார்ந்து, குடைகளைப் பழையபடி அடுக்கிக்கொண்டிருப்பான். கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்தவன், அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். இரண்டு சாண் அகலம்கூட இருக்காது. காலையில் இந்த அடுப்பு, பகலில் அந்த ஸ்டூல், சாயங்காலம் இந்தத் தொட்டி. ஒரு மாதமாக இந்த வீட்டில் எல்லாம் இடம் மாறியது, எனக்காக. அவளுடையது எதுவும் மாறவில்லை, மாற்ற வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வளர்ந்திருக்கிற என் மூளைக்கு இது இப்போதுதான் உறைத்தது.

'பயப்படாதே, நான் இருக்கிறேன்' என்று சொல்லலாம். சொன்னால் நகரமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். என்மேல் கோபம் வந்தால்தான் அவளுக்குக் காலில் பலம் வரும்.

எழுந்து நின்றேன். சட்டையை உதறிவிட்டுக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு" என்றேன். "நானும் அதையேதான் சொல்லலாம்னு வந்தேன். எனக்கு அந்த ஊரெல்லாம் ஒத்துவராது. நான் வரல."

அவள் தலையை நிமிர்த்தினாள். "என்னது?"

"வரல. மேலாளர் காலப் பிடிச்சாவது கவுண்டருக்கே போயிடறேன். பொம்பள பேச்சக் கேட்டு ஊர் ஊரா சுத்தறதுக்கு நான் ஆள் இல்ல. என் நாற்காலி எங்க? டிவியப் போடு."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு நொடி என்னையே பார்த்தாள். அப்புறம் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டி வாசல்ல நிக்கும்போது வந்து சொல்றீங்களா? எத்தன நாளா படிச்சுப் படிச்சுக் கேட்டேன்?"

"இப்போ சொல்றேன்ல."

"உங்கள நம்பினா நான் இந்தத் தொட்டிக்குப் பக்கத்துலயே செத்துப்போக வேண்டியதுதான்."

"உன் இஷ்டம்."

"நான் போறேன். நீங்க உங்க நாற்காலியக் கட்டிக்கிட்டு அழுங்க."

பெட்டியைத் தூக்கினாள். அம்மாவிடம், "பாத்தீங்களா அத்தை உங்க புள்ளைய?" என்றாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவன் பொறந்ததுலேருந்தே அப்படித்தாம்மா, நீ போ" என்றாள். என் மனைவி ஏணியில் ஏறி இறங்கி மாடிப்படியில் திடுதிடுவென்று போனாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. கல்யாணத்தன்று நான் தாமதமாக வந்ததிலிருந்து ஆரம்பித்து, வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டே போனாள். குரல் நடுங்கியது. ஆனால் கால்கள் நிற்கவில்லை.

நான் இன்னொரு பெட்டியை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, சத்தம் வராமல் பின்னாலேயே இறங்கினேன். கோபம் வண்டிவரை தாங்க வேண்டுமே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவரிடம், "எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷன நீங்க பாத்திருக்கவே முடியாது" என்று ஆரம்பித்தாள். நான் மறுபக்கக் கதவைத் திறந்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டிக்கொண்டே, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.